ஜெபத்தில் சொன்ன புகார்

ஜூலை 9, புதன். இன்று ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது. மகள் என்னிடம் மட்டும் சொன்னதைக் குடும்ப ஜெபத்தில் சொல்லிவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான்.

டைரியில் எழுதியதைப் படித்துப் பார்த்தவன் ‘நல்ல எண்ணத்தில்தான்’ என்பதை அடித்தான். கொஞ்ச நேரம் கழித்து ‘சின்ன’ என்பதையும் அடித்தான்.

பகலில் அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். வாரத்தில் சில மாலைகள் கணக்கு வகுப்புக்குப் போகிறவன். எதையும் வரிசைப்படி செய்தால்தான் அவனுக்கு நிம்மதி. பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கவும் ஒரு வரிசை வைத்திருந்தான். ஒரு பாட்டு, பைபிளில் ஒரு அதிகாரம், பிறகு சிறியவர் தொடங்கி ஆளுக்கொரு ஜெபம். எட்டு வயது மகளுடையதுதான் முதல் ஜெபம்.

அன்று சாயங்காலம் அவளுடைய கண்ணாடியின் திருகை இறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

“அப்பா, ஜெபம் பண்றப்ப எனக்கு ஒண்ணுமே தோணல. கண்ண மூடிக்கிட்டு சும்மா வாய அசைக்கிறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“சரி” என்றான். ஆனால் எங்கே கோட்டை விட்டோம் என்று குடைந்து குடைந்து யோசித்தான். கீழ்வீட்டில் இருக்கும் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வழக்கம்போல ஜெபத்துக்கு வந்திருந்தார். தன் முறை வந்ததும் அவன் உருகி உருகி வேண்டினான்: “ஆண்டவரே, கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைக்கிற இந்தப் பிள்ளையின் இருதயத்தைத் தொட்டருளும்.”

“ஆமென்” என்ற மச்சானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அடி கள்ளி, இத்தன நாளா உதட்டு ஜெபமா?”

மகள் அழவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, யாரோ வேற்றாளைப் பார்ப்பதுபோல் அப்பாவைப் பார்த்தாள்.

மறுநாள் தன் முறை வந்தபோது கண்ணைத் திறந்து வைத்து, வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“ஆரம்பிம்மா” என்றாள் அம்மா.

“மாட்டேன்.”

“ரெண்டு வச்சா தானா வரும் மாப்ளே” என்றார் மச்சான். “எங்கப்பா பெல்ட்ட வச்சுத்தான் எனக்கு பைபிள் சொல்லிக் குடுத்தாரு.”

“அதான் அதிகாரம் பாதி தாண்டுறதுக்குள்ள குறட்டை விடுற. சும்மா இருண்ணா” என்றாள் அவருடைய தங்கை.

பிறகு அவன் மகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான். அவள் சுவரைப் பார்த்தபடி பதில் சொன்னாள்: “நீங்க இயேசப்பாகிட்ட பேசல. மாமாகிட்ட என்னப் போட்டுக் குடுத்தீங்க. இனிமே உங்ககிட்ட எதுவும் சொல்ல மாட்டேன்.”

அந்தக் கடைசி வார்த்தை அவனை வேலையிடம் வரைக்கும் விடாமல் துரத்தியது. வெள்ளிக்கிழமை ஒரு லென்ஸின் விளிம்பை அளவுக்கு மேல் தேய்த்துப் பாழாக்கினான். பிள்ளை ஜெபிக்கவில்லை என்பதைவிட, இனி தன்னிடம் பேச மாட்டாள் என்பதுதான் அவனை அரித்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், “தனியா கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுடவா?” என்றான்.

அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “ஏங்க, நாலு பேர் முன்னாடி மானத்த வாங்கிட்டு, மறைவுல மன்னிப்பா?”

மச்சான் ஒரு வருஷத்துக்குக் கேலி செய்வார். செய்யட்டும் என்று முடிவெடுத்தான். சொன்ன இடத்திலேயே, கேட்டவர்கள் முன்னாலேயே கேட்பது.

அன்று எல்லோரும் உட்கார்ந்ததும், பாட்டுக்கு முன்பே பேசினான். வரிசை குலைவதை அவன் பொருட்படுத்தவில்லை.

“குட்டி, நீ என்ன நம்பிச் சொன்னத நான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். அதுவும் ஜெபங்கிற பேர்ல. அது தப்பு. என்ன மன்னிச்சிரு.”

“என்ன மாப்ளே, பிள்ளைகிட்ட போயி...”

“மச்சான், உங்கள சிரிக்க வச்சதும் நான்தான். அவகிட்ட இனி அந்தப் பேச்சு வேண்டாம்.” மகள் பக்கம் திரும்பினான். “இன்னொண்ணும் சொல்லிடறேன். பல நாள் எனக்கும் ஒண்ணும் தோணாது.”

மகள் நிமிர்ந்தாள். “உங்களுக்குமா? அப்ப என்ன பண்ணுவீங்க?”

“உக்காந்திருப்பேன். எனக்குத் தோணலன்னாலும் ஆண்டவர் இருக்காரு இல்லையா.”

அவள் யோசித்தாள். “நானும் இன்னிக்கு உக்காந்திருக்கேன். ஜெபம் பண்ண மாட்டேன்.”

“சரி.”

“நாளைக்கு நீங்களும் பண்ணக் கூடாது. அம்மா மட்டும் பண்ணட்டும்.”

“போச்சு, பாஸ்டருக்கு சஸ்பென்ஷன்” என்றார் மச்சான்.

“சரி” என்றான் அவன் மறுபடியும், மகளைப் பார்த்து.

ஜூலை 11, வெள்ளி. மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

நாளை: ஜெபத்தை மனைவி நடத்துவாள். நான் மகளுக்குப் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.