முகம் காட்டும் நேரம்

என் மனைவி ஒன்றாம் வகுப்பு டீச்சர். அவளுடைய சிறுநீரகங்களில் ஒன்று என் வயிற்றுக்குள் இருக்கிறது. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எத்தனை தடவை சொல்லியும் மண்டையில் ஏறவில்லை, உங்களுக்காவது ஏறட்டும்.

அடுத்தவர் உறுப்பை வாங்கி வைத்துக்கொண்டவனுக்கு ஆயுசு முழுக்க மாத்திரைதான். வந்த உறுப்பை உடம்பு விரட்டாமல் இருக்க அந்த மாத்திரை வேண்டும். அதே மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அடித்துப் படுக்கப்போட்டுவிடும். சாதாரணச் சளிக்கே நான் இரண்டு வாரம் எழுந்திருக்க மாட்டேன். ஊரெல்லாம் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த அந்தப் புதுக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பூசி மெழுகத் தெரியாத மனுஷன். "வராம பாத்துக்கோங்க, வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நோய் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது, அவ்வளவுதான். அந்த நாட்களில் எங்களுக்கு வேறு கவலையே கிடையாது.

பள்ளிக்கூடம் மூடியிருந்தவரை பாடு இல்லை. நான் பின்னறையில் உட்கார்ந்து மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருப்பேன். அவள் முன்னறையில் ஸ்டூல் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வகுப்பெடுப்பாள். புதிதாகச் சேர்ந்த வாண்டுகள், பள்ளிக்கூட வாசலையே பார்க்காத கூட்டம். எழுத்தின் ஒலி பிள்ளைகளுக்கு வர வேண்டுமென்றால் டீச்சரின் வாயைப் பார்க்க வேண்டும் என்பது அவள் கொள்கை. கேமராவுக்குள் தலையையே விட்டுவிடுவதுபோல் நெருங்கி, "ஆ" என்று வாயைத் திறப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் மதிலுக்கு அந்தப்பக்கம் நின்று, உங்கள் வீட்டில் யாருக்காவது பல்வலியா என்று விசாரித்தார்.

அப்புறம் உத்தரவு வந்தது. எல்லா ஆசிரியர்களும் வகுப்பறைக்குத் திரும்ப வேண்டும். உடம்புக்கு முடியாதவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, வீட்டிலிருந்தே சொல்லிக்கொடுக்கலாம். இவள் விண்ணப்பித்தாள். நோயாளி உங்கள் கணவர், நீங்கள் இல்லை என்று பதில் வந்தது. எனக்கும் ஒரு சிறுநீரகம்தான் இருக்கிறது என்று திரும்பவும் எழுதினாள். தானம் கொடுக்க முடிந்ததிலிருந்தே நீங்கள் ஆரோக்கியமானவர் என்பது தெரிகிறது என்று அதற்கும் பதில் வந்தது. இப்படி யோசிக்கிறவர்களுக்குத் தனியாகச் சம்பளம் போட்டுத்தான் வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பதில்களில் கையெழுத்துப் போட்டிருந்த கண்காணிப்பாளருக்கு நானே போன் போட்டேன். நல்ல மெதுவான குரல் அந்த ஆளுக்கு.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுங்க சார். ஆனா வகுப்பறையில பரவாது. எல்லா ஏற்பாடும் பண்ணியிருக்கோம்."

"பரவாதுன்னா நீங்க ஏன் ஆபீஸ் போகாம வீட்லேர்ந்து பேசுறீங்க? பின்னாடி குக்கர் சத்தம் கேக்குது."

"எங்களுக்கு வேற உத்தரவு சார்."

ஏற்பாடு என்ன தெரியுமா? வாசலில் நெற்றிக்குச் சூடு பார்க்கும் கருவி ஒன்று, மேசைக்கு மேசை ஒரு கண்ணாடித் தடுப்பு. சன்னல்களைத் திறந்து வைக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை. அவள் வகுப்புச் சன்னல்களுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் சட்டத்தையும் கதவையும் சேர்த்து அடித்துவிட்டுப் போயிருந்தார்கள், அவை திறந்து வருஷக்கணக்காகிறது. என் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப்போய் இவளே நெம்பித் திறந்தாள். ஒன்றுதான் திறந்தது.

வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். பின்னறையும் அதை ஒட்டிய குளியலறையும் எனக்கு, மற்றதெல்லாம் அவளுக்கு. நடுவில் ஒரு கதவு. சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டு அவள் தள்ளிப்போன பிறகுதான் நான் எடுக்க வேண்டும். வீட்டுக்குள்ளும் அவள் முகக்கவசத்தைக் கழற்றவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரைக்குக் கீழே போனில் பேசிக்கொண்டோம். இது என்ன பிழைப்பு என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"உங்களுக்காகன்னா நெனச்சீங்க? என் சாமான் உங்ககிட்ட இருக்கு. அது பத்திரமா இருக்கணும்" என்றாள்.

"வேணும்னா திருப்பி வாங்கிக்கோயேன்."

"நீங்க வெச்சிருக்கற லட்சணத்துக்கு யாரு வாங்குவா?"

பள்ளி திறந்த அன்று சாயங்காலம் வந்தாள். குளித்து, துணியெல்லாம் நனைத்துப்போட்டுவிட்டு, கதவுக்கு அந்தப்பக்கம் தரையில் சாய்ந்து உட்கார்ந்தாள். இந்தப்பக்கம் நான்.

"ஒரே ரகளைங்க இன்னைக்கு. என்னப் பாத்ததும் எல்லாம் கோரஸா அழுதுச்சுங்க."

"உன்னப் பாத்தா எனக்கே அப்படித்தான் இருக்கும்."

"சும்மா இருங்க. அதுங்களுக்கு நான்னா அந்த ஸ்க்ரீன்ல வர்ற முகம்தானே. இங்க யாரோ ஒருத்தி பாதி மூஞ்சிய மூடிக்கிட்டு நிக்கறா. எங்க டீச்சர் எங்கன்னு அழுகை."

"குரல் அதேதானே?"

"குரல் வேற எங்கேர்ந்தோ வருதுன்னு நெனச்சுக்கிச்சுங்க. ஒருத்தன் மேசைக்கு அடியில குனிஞ்சு லேப்டாப்பத் தேடுறான்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டேன்.

"என்ன பண்றது. திறந்த சன்னல் கிட்டப் போயி, மாஸ்க்க எறக்கிக் காட்டினேன். நான்தான்டா, பாருங்கடான்னு. கப்சிப்னு ஆயிடுச்சு."

என் சிரிப்பு அங்கேயே நின்றது. என்னென்னவோ கத்தினேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, ஒரு நிமிஷம்தான், காற்றுப் பக்கம் நின்றுதான் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். இனிமேல் செய்ய மாட்டேன் என்றும் சொன்னாள். மறுநாளும் செய்தாள். அதற்கும் மறுநாள் வாசலிலேயே "காட்டுங்க டீச்சர், காட்டுங்க டீச்சர்" என்று வரிசை நின்றதாம். தினமும் முதல் மணி அடித்ததும் டீச்சர் முகம் காட்டும் நேரம் என்று ஆகிவிட்டது. அது முடியாமல் ஒரு பிள்ளை பையைத் திறக்காதாம். போகப்போக ஒலிகளுக்கும் இறக்கினாள். "ப-வுக்கு உதடு ஒட்டணும்ங்க. துணிக்குப் பின்னாடி ஒட்டுதா இல்லையான்னு அதுங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று என்னிடமே நியாயம் கேட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், பயத்தோடு எனக்குப் பொறாமையும் இருந்தது. கட்டிய புருஷன் அவள் மூக்கைப் பார்த்து மாசக்கணக்காகிறது. மூக்கொழுகும் வாண்டுகளுக்குத் தினசரி தரிசனம். இதை அவளிடமே சொன்னேன்.

"உங்களுக்கு வந்தா போயிடுவீங்க. அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாதாம்" என்றாள்.

நடுவில் நீ என்று ஒருத்தி இருக்கிறாயே, உனக்கு வந்தால் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. டாக்டர், நான், அவள், எல்லோரும் என் ஒருத்தனைத்தான் காவல் காத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். ஆள் அத்தனூண்டு, பேச்சு சுருக்கென்று இருக்கும், அதனால் என் மனைவி அவளுக்கு மிளகு என்று பெயர் வைத்திருந்தாள். மிளகுக்குச் சன்னலோரத்தில் தூரமாகப் பார்ப்பது போதாது. கிட்டே வந்து தாடையைத் தொட்டுப்பார்த்தால்தான் நம்புவாள். அவள் அம்மா ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டும் வேலை பார்க்கிறவள், லீவு போட்டால் அடுத்த நாள் வேலை இல்லை. பிள்ளைக்கு உடம்பு சுட்டால் காலையில் காய்ச்சல் மருந்தை ஊற்றி அனுப்பிவிடுவாள். வாசலில் நெற்றியைப் பார்க்கிறபோது சூடு இருக்காது, மத்தியானம்தான் ஏறும். அப்படிச் செய்கிற பெற்றோர் அந்தப் பள்ளியில் நிறையப் பேர், டீச்சர்களுக்கும் தெரியும். என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது?

ஒருநாள் என் மனைவி வேலை முடிந்து வருகிற நேரத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்கவில்லை. போன் அடித்தது.

"நான் கேட்டுக்கு வெளிய நிக்கறேன். உள்ள வரல."

என் அறையின் பக்கச் சன்னலிலிருந்து கேட் தெரியும், எட்டிப் பார்த்தேன். கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மதிலோரம் நின்றாள்.

"ஏன், என்ன ஆச்சு?"

"காலையிலேர்ந்து உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. மிளகு மூணு நாளா வரல. கடைசியா வந்த அன்னைக்கு, நான் மாஸ்க் எறக்கினப்ப, மூஞ்சி மேலயே தும்மிடுச்சு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். நீங்க அங்கேயே இருங்க."

நான் சன்னலைத் திறக்கப் போனேன். அவள் கையை ஓங்கினாள், சின்னப் பிள்ளையை மிரட்டுகிற மாதிரி.

"இங்க பாருங்க. மிளகு பத்தி யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. அவ அம்மா பொழப்பு போயிடும். அந்தப் புள்ளைக்கு ஆறு வயசு. டீச்சருக்கு நான்தான் நோய் குடுத்தேன்னு ஆயுசுக்கும் சுமக்கும். நான் மாஸ்க்க எறக்கினதும் யாருக்கும் தெரிய வேணாம்."

"சரி, சொல்லல. எனக்கு ஒரு தடவ எறக்கிக் காட்டிட்டுப் போ. இங்கேர்ந்து அங்க எவ்வளவு தூரம் இருக்கு. கண்ணாடி வேற சாத்தியிருக்கு."

அவள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். கை காது வரைக்கும் போனது.

"வந்து காட்டுறேன்" என்றாள்.

வரவில்லை. மற்றவர்களை நுரையீரலில் பிடித்த நோய் அவளை முதலில் சிறுநீரகத்தில் பிடித்தது. அங்கே இருந்ததே ஒன்றுதான். இரண்டும் இருந்திருந்தால் தாங்கியிருக்குமா டாக்டர் என்று கேட்டேன். பூசி மெழுகத் தெரியாத அந்த மனுஷன், உங்கள் மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று என்னைக் கேட்டார். எனக்கும் பரிசோதனை செய்தார்கள், ஒன்றும் இல்லை என்று வந்தது. அவளை மூட்டையாகக் கட்டித்தான் கொண்டுபோனார்கள். முகத்தைத் திறக்கக்கூடாது என்பது விதி. தூரத்தில் நின்று அந்த மூட்டையைப் பார்த்துவிட்டு வந்தேன். அதில் இருந்தது அவள்தான் என்று மற்றவர்கள் சொன்னதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் கண்காணிப்பாளர் போன் செய்தார். அதே மெதுவான குரல். வருத்தமெல்லாம் சொல்லி முடித்த பிறகு விஷயத்துக்கு வந்தார். அந்த வகுப்பை மூடி வைத்திருக்கிறார்கள். டீச்சருக்கு நோய் எங்கிருந்து வந்தது என்று முடிவு செய்யாமல் திறக்க முடியாது.

"வகுப்பறைன்னு சொன்னா விசாரணை வெக்கணும் சார். எந்தப் புள்ளைக்கு மொதல்ல வந்துச்சு, யாரு காய்ச்சலோட அனுப்பினாங்க, டீச்சர் விதிமுறைய ஒழுங்கா கடைப்பிடிச்சாங்களான்னு எல்லாம் கேக்கணும். புள்ளைங்ககிட்டயும் கேப்போம்."

பிள்ளைகளிடம் கேட்டால் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். தினமும் டீச்சர் முகம் காட்டுவாங்க என்று சந்தோஷமாகச் சொல்லும். ஆக, விதியை மீறியதால் செத்தாள் என்று எழுதிக் கையைக் கழுவிவிடுவார்கள். மிளகு வீட்டுக் கதவையும் யாராவது தட்டுவார்கள். இந்த ஆளைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்று மனசுக்குள் எத்தனையோ தடவை பேசிப் பார்த்திருந்தேன். வரி வரியாகத் தயாராக இருந்தது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"சார், இருக்கீங்களா? உங்க வீட்ல யாராவது வெளிய போய் வர்றது உண்டா?"

"நான் போவேன்."

"எங்க போவீங்க?"

"கடைக்கு, அங்க இங்க. உள்ளேயே அடைஞ்சு கெடக்க முடியுமா?"

"மாஸ்க் போட்டுக்குவீங்களா?"

"எனக்கு மூச்சு முட்டும். போட மாட்டேன்."

பரிசோதனையில் எனக்கு என்ன வந்தது என்று அவர் கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். கேட்கவில்லை. குரலில் இருந்த பாரம் இறங்கியது எனக்கே கேட்டது.

"அப்ப வீட்லேர்ந்துதான் வந்திருக்கும்னு போட்டுக்கட்டுமா சார்?"

"போட்டுக்கோங்க. என்னாலதான் வந்துச்சு."

மறுநாளே வகுப்பைத் திறந்துவிட்டார்கள். தலைமையாசிரியை எனக்குப் போன் செய்து சொன்னார். புதிதாக ஒரு டீச்சரைப் போட்டிருக்கிறார்களாம், சின்னப் பெண், வீட்டில் அவள் அப்பா ஆக்சிஜன் வைத்துக்கொண்டு படுக்கையில் கிடக்கிறாராம். விலக்கு கேட்டு எழுதியிருந்தாளாம். இந்த மாவட்டத்தில் வகுப்பறையிலிருந்து ஒருவருக்கும் நோய் பரவியதில்லை, தைரியமாக வரலாம் என்று அவளுக்குப் பதில் போயிருக்கிறது.