கவுன்ட்டரில் கேட்ட மூன்று கேள்விகள்

மருந்துக் கடை கவுன்ட்டரில் பதினான்கு வருஷமாக நான் கேட்கும் கேள்விகள் மூன்று. சில மாத்திரைகள் இதயத் துடிப்பிலேயே கை வைக்கும். அவற்றைக் கொடுக்கும் முன் கேட்பேன். வீட்டில் யாருக்காவது இதயக் கோளாறு உண்டா? யாராவது திடீரென்று மயங்கி விழுந்ததுண்டா? சின்ன வயசில் காரணம் தெரியாமல் யாராவது இறந்ததுண்டா? "சளி மாத்திரை வாங்க வந்தா சாவைப் பத்திக் கேக்குறீங்களே" என்று திட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. என் கணவர் எனக்கு வைத்த பெயரே "விசாரணை கமிஷன்".

ஒன்பது வயது மகளுக்கு நெஞ்சுச்சளி. டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் அந்த வகை. எங்கள் கடையிலிருந்தே எடுத்து வந்தேன். கணவரைச் சாப்பாட்டு மேஜை முன் உட்காரவைத்து, கஸ்டமரிடம் கேட்பது போலவே மூன்றையும் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க மேடம்" என்று கைகட்டிக்கொண்டு சொன்னார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். முதல் வேளை மருந்தை நான்தான் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அவள் நாலைந்து முறை வாந்தி எடுத்தாள். மறுநாள் காலை அவர் முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். அவளை எழுப்புவது எப்போதும் அவர் வேலை. பாதத்தைத் தடவித் தடவி எழுப்புவார். அவர் வீட்டில் யாருமே அலாரம் வைப்பதில்லை, பூப்போன்ற மனிதர்கள் என்று என் தங்கையிடம் பெருமையடித்திருக்கிறேன். எனக்கு அந்தப் பொறுமை ஏது? மருந்து வேளை தவறக் கூடாதென்று என் போனில் ஏழு மணிக்கு அலாரம் வைத்து, அவள் தலையணை அருகே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

அலாரம் அடித்தது. நிறுத்த ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால் கண்கள் செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. நாடி இல்லை. நெஞ்சில் கை வைத்து அழுத்தினேன். முப்பது அழுத்தலுக்குள் மூச்சை இழுத்து அழுதாள்.

மருத்துவமனையில் இதய டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து ஈசிஜி தாளை விரித்தார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசைச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேற வேண்டும். அப்போதுதான் செல் ஓய்ந்து அடுத்த துடிப்புக்குத் தயாராகும். அது வெளியேறுவதற்கென்றே கதவுகள் உண்டு. என் மகளுக்குப் பிறவியிலேயே பல கதவுகள் சரியாகத் திறப்பதில்லை. மிச்சத்தை அந்த ஆன்டிபயாடிக் அடைத்திருக்கிறது. வாந்தியில் ரத்தத்தின் பொட்டாசியம் குறைந்திருக்கிறது. அது குறைந்தால் இந்தக் கதவுகள் இன்னும் சுணங்கும். அந்த நிலையில் தூக்கத்தில் திடுக்கிட வைக்கும் ஒரு சத்தம் போதும், துடிப்பு தாறுமாறாகிவிடும். இதையெல்லாம் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவள் நான்.

"இது குடும்பத்துல வர்றதுதான். உங்க பக்கம் யாராவது சின்ன வயசுலயே இறந்திருக்காங்களா?" என்று கேட்டார் டாக்டர். என் பக்கம் இல்லை என்றேன். என் கணவர் ஈசிஜி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசியது, சேதி கேட்டு ஓடிவந்து வாசலில் நின்ற அவருடைய அக்கா. "பெத்த பொண்ணுடா! இவகிட்ட சொல்லிடு, சொல்லிடுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

என் கணவருடைய அண்ணன் பத்தொன்பது வயதில் ஆற்றில் மூழ்கி இறந்ததாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த அண்ணன் ஆற்றுக்கே போகவில்லை. காலையில் அலாரம் அடித்தது, எழுந்து உட்கார்ந்தார், சாய்ந்தார். பிறகு சோதித்ததில் அக்காவுக்கும் அதே கோளாறு. தலைவலிக்கென்று சொல்லி மாதாமாதம் என் கையால் அக்கா வாங்கிப்போன மாத்திரை அதற்குத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். அந்தச் சோற்றைப் பதினொரு வருஷம் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேன். பூப்போன்ற மனிதர்களாம்!

வராந்தாவில் கணவர் என் கையைப் பிடித்தார். "எனக்கு டெஸ்ட் பண்ணிக்கவே பயம். சொல்லியிருந்தா நீ என்னைக் கட்டியிருக்க மாட்ட."

"கட்டியிருப்பேன். அந்த மருந்தைத்தான் கொடுத்திருக்க மாட்டேன்."

அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. கல்யாணத்துக்கு முன் மறைத்ததை என்றைக்காவது மன்னித்துவிடுவேனோ என்னவோ. மகளை எதிரே வைத்துக்கொண்டு, கைகட்டிச் சிரித்தபடி சொன்ன அந்தப் பொய்யை என்ன செய்வது?

"நீங்க இல்லைன்னு சொன்னதை நம்பித்தான் கொடுத்தேன்."

"நீ விளையாட்டுக்குக் கேக்குறேன்னு நினைச்சேன்."

நம்பவைத்துக் கழுத்தறுத்தான் என்பார்கள். என் கழுத்தாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாப்பாகிட்ட இப்ப எதுவும் சொல்ல வேணாம். சின்னப் பொண்ணு, பயந்துடுவா" என்றார்.

நான் உள்ளே போனேன். மகள் மார்பில் ஒட்டியிருந்த வயர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, அவளுக்குப் புரியும்படி எல்லாவற்றையும் சொன்னேன். திறக்காத கதவுகளைப் பற்றி, தினமும் போட வேண்டிய மாத்திரையைப் பற்றி, எந்த மருந்து வாங்கினாலும் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி. பெரியப்பா எப்படி இறந்தார் என்பதையும் சொன்னேன். அவள் பயப்படவில்லை.

"அப்பாவுக்கு இது முன்னாடியே தெரியுமாம்மா?"

அவர் வாசலில் வந்து நின்றிருந்தார். ஆமாம் என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அவரையே கேளு" என்றேன்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் நடுவிலிருந்து எழுந்து தள்ளி நின்றுகொண்டேன்.