வெள்ளைத் தட்டு

துரைமாரின் துவக்குச் சுடும் போட்டி என்றால் சும்மா இல்லை. றக்வானைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக்கூட அவ்வளவு ஆர்ப்பாட்டம் கிடையாது. துவக்குக் குழாயில் வெந்நீர் ஊற்றிக் கழுவுவார்கள். துணியைக் கோத்து இழுத்துத் துடைப்பார்கள். எண்ணெய் பூசிக் கம்பளியில் சுற்றிப் பிள்ளையைப் போல் படுக்க வைப்பார்கள். குறிபார்க்கும் முனை வெயிலில் மினுங்கினால் குறி தப்புமாம். அதற்காகக் கற்பூரத்தைக் கொளுத்தி அதன் புகையில் முனையைக் காட்டிக் கறுப்பாக்குவார்கள். சாமிக்கு ஏற்றுகிற அதே கற்பூரம்தான். துவக்குக்கும் பூசை நடக்குது என்று பங்களா சமையற்கார அப்பு சொல்லிச் சிரிப்பான்.

இருளப்பனுக்கு வேலை எதிர்முனையில். துரைமார் படுத்துச் சுடுகிற மேட்டுக்கு நேர் எதிரே, ஓடைக்கு அப்பால், மலைச்சரிவில் ஒரு குழி வெட்டியிருந்தார்கள். ஆள் நின்றால் தலை தெரியாது. குழிக்குள் நின்றபடி இலக்குச் சட்டத்தைக் கயிற்றால் மேலே ஏற்ற வேண்டும். வெடி பட்டதும் இறக்கி, ஓட்டை எங்கே என்று பார்த்து, காகிதத் துண்டால் ஒட்டி மூடி, மறுபடியும் ஏற்றி, கம்பில் மாட்டிய தட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். நடுக் கறுப்பில் பட்டிருந்தால் வெள்ளைத் தட்டு. அடுத்த வளையத்தில் என்றால் சிவப்பு. துரைமார் தூரக்கண்ணாடியில் பார்த்துப் புள்ளி போடுவார்கள். ஒட்டுகிற பசைக்குக் கோதுமை மாவு பங்களாவிலிருந்து வரும். கூலிகள் அதைக் கஞ்சி வைத்துக் குடித்துவிடக்கூடாது என்று தோட்ட அதிகாரி கண்டக்கையா அதில் மயில்துத்த விஷத்தைக் கலந்துதான் கொடுத்தனுப்புவார். எப்பேர்ப்பட்ட மனுசன் பாருங்கள்.

இந்தத் தட்டு வேலை அந்தத் தோட்டத்தில் இருளப்பன் ஒருவனுக்குத்தான் பிடிபட்டிருந்தது. அதுவே அவனுக்கு வினையாய் வந்து முடிந்தது.

போட்டிக்கு முந்தின இரவு அவன் மகள் செத்துப்போனாள். தன் ஆத்தாளின் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருந்தான், இருளாயி என்று. அப்போதுதான் பேச்சுத் திருந்தி வந்த வயசு. காய்ச்சல் வந்தது, மருந்து கொடுத்தார்கள், வலிப்பு வந்தது, போய்விட்டாள். கூலிகள் குடியிருந்த லயமே விழித்திருந்து அழுதது.

விடிந்ததும் இருளப்பன் நல்லையாக் கங்காணியின் வாசலில் போய் நின்றான். புதைகாடு, குழி வெட்டிய சரிவுக்குப் பக்கத்துத் திட்டில் இருந்தது. அங்கே போகிற ஒரே பாதை சுடுகிற மேட்டுக்கும் குழிக்கும் நடுவே ஓடையைக் கடந்து போகும். போட்டிக்குச் சிவப்புக் கொடி ஏறிவிட்டால் அந்தப் பாதையில் நாய்கூடப் போக முடியாது. சின்னப் பிள்ளைக்கு முதல் பிடிமண் தகப்பன் கையால் விழவேண்டும், அது அவர்கள் சனத்தின் முறை. அதற்கு மட்டும் தன்னை விட்டுவிடும்படி அவன் கெஞ்சினான். வேறு எதுவும் அவன் கேட்கவில்லை.

கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பங்களாப் பக்கம் போனார். திரும்பி வந்து, பகல் சாப்பாட்டுக்குத் துரைமார் எழுந்திருக்கும்போது கொடியை இறக்குவார்கள், அப்போது எடுத்துப் போய்விடலாம், துரையே சொல்லிவிட்டார் என்றார். சாவுக்குத் தப்பு மேளம் அடிக்கக்கூடாது, சத்தம் கேட்டால் துரைமாருக்குக் கை நடுங்கும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

இருளப்பன் குழிக்குள் இறங்கினான். குழியின் ஓரத்து வெட்டு வழியாகப் பார்த்தால் ஓடைக்கரைப் பலாமரம் தெரியும். அதன் கீழே தன் சனம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். மச்சினன் சடையன் மடியில் வெள்ளைத் துணி மூட்டை. பக்கத்தில் இருளப்பன் பெண்சாதி மருதாயி. பெண்கள் புதைகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. ஆனாலும் அவள் பிள்ளையை விட்டு நகர மாட்டேன் என்று கூடவே வந்துவிட்டாள். கற்பூரம் வாங்க றக்வானை பசாருக்குப் போனவன் வெறுங்கையோடு வந்திருந்தான். இருந்ததையெல்லாம் துரைமார் வாங்கிவிட்டார்களாம். கடைக்கார அப்துல் ரஸாக் மனம் பொறுக்காமல் சாம்பிராணி கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தார். அதன் புகை மரத்தடியிலிருந்து மெல்ல எழும்பியது.

வெடி, இறக்கு, ஒட்டு, ஏற்று, தட்டு. காலை முழுக்க இதே பாடு. கண்ணில் நீர் முட்டி ஓட்டை தெரியாமல் விரலால் தடவிப் பார்த்தான். பகல் வந்தது. கொடி இறங்கவில்லை. மலைக்குப் பின்னால் மழை கறுத்துக்கொண்டு வந்ததால் சாப்பாட்டைப் பிறகு வைத்துக்கொள்வோம் என்று துரைமார் முடிவு செய்துவிட்டார்கள். கொடிக்கம்பத்தடியில் நின்ற கங்காணி மேட்டைப் பார்த்தாரே தவிர மரத்தடிப் பக்கம் திரும்பவேயில்லை. அட பாவி மனுசா!

மற்றத் துரைமாரெல்லாம் பின்தங்கி, கடைசியில் இரண்டு பேர் புள்ளியில் சமமாய் நின்றார்கள். ஒருவர் தோட்டத்துப் பெரிய துரை. மற்றவர் ஓப்பநாயக்கவிலிருந்து வந்த துரை. இனி மாறி மாறி ஒவ்வொரு வெடி. ஒருவர் நடுக் கறுப்பை விட்டால் கோப்பை மற்றவருக்கு. இருவரும் விடாமல் அடித்துக்கொண்டேயிருந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் இழுக்கும்.

இருளப்பனுக்கு அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஓப்பநாயக்கத் துரையின் வெடிக்குச் சிவப்பைக் காட்டிவிட்டால் கதை முடிந்தது. கோப்பை நம் துரைக்கு, கொடி கீழே, பிள்ளை மண்ணுக்கு. குழிக்குள்ளிருந்து சுடுகிறவர் முகம் தெரியாதுதான். ஆனால் முதல் வெடி யாருடையது என்பதில் அவனுக்குச் சந்தேகமேயில்லை. தோட்டத்தில் எதுவும் பெரிய துரைக்குத்தான் முதலில். கோயில் மாலையும் அவருக்குத்தான், போன வருஷம் போட்ட புதுப் பாலத்தில் முதல் காலும் அவருக்குத்தான். துரைமாருக்குள்ளே விருந்தாளிக்கு முதலிடம் கொடுக்கிற மரியாதை ஒன்று உண்டென்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

முதல் வெடி நடுவில். வெள்ளை காட்டினான். இரண்டாவதும் நடுவில்தான். அதை ஒட்டி மூடி, சிவப்புத் தட்டைத் தூக்கினான்.

கொடி இறங்கியது. ஐயோ ஆத்தா, முடிந்தது என்று அவன் குழியை விட்டு ஏறினான். எதிரே பெரிய துரை வேகமாய் இறங்கி வந்துகொண்டிருந்தார், பின்னால் ஓப்பநாயக்கத் துரையும். பெரிய துரைதான், தன் வெடி நடுவில்தான் பட்டது, தட்டுக்காரன் தப்பாய்க் காட்டிவிட்டான் என்று தகராறு பண்ணி, ஓட்டையைக் கண்ணால் பார்க்க வருகிறார். அப்படியென்றால் முதல் வெடி விருந்தாளியுடையது. சிவப்புக் காட்டியது சொந்தத் துரைக்கே!

துரை ஈரம் காயாத காகிதத்தை நகத்தால் உரித்தார். நடுக் கறுப்பில் ஓட்டை அழகாய் இருந்தது.

"ஏன் சிவப்பு?" என்று கேட்டார்.

இருளப்பன் வாய் திறக்கும் முன் சனம் ஓடையைக் கடந்து வந்துவிட்டது. கொடி இறங்கியதைப் பார்த்துச் சடையன் துணி மூட்டையை நெஞ்சோடு அணைத்தபடி முன்னால் வந்தான். மருதாயி பின்னால். துரை அது என்னவென்று கேட்டார்.

"எம் புள்ள, தொர. ராத்திரி செத்துப்போச்சு" என்றான் இருளப்பன்.

துரை திகைத்துப் போனார். "ஒருத்தனும் எனக்குச் சொல்லல."

கொடிக்கம்பத்தடியில் கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். பங்களாப் பக்கம் போனவர் சமையல்கட்டோடு திரும்பியிருக்கிறார். போட்டி நாளில் துரையிடம் சாவுச் சேதி சொல்ல அவருக்குத் துணிவு இல்லை. துரை தொப்பியைக் கழற்றினார். மற்றவரும் கழற்றினார். பிள்ளை அவர்களைக் கடந்து திட்டில் ஏறுகிறவரை இருவரும் அப்படியே நின்றார்கள். ஓப்பநாயக்கத் துரை மேட்டைக் காட்டி, போதும் நிறுத்திக்கொள்வோம் என்பதுபோல் இங்கிலீசில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். பெரிய துரை தலையை ஆட்டி மறுத்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு இருளப்பன் தோளைத் தொட்டார்.

"ஒரே ஒரு வெடி. பிறகு நீ போ."

கொடி மறுபடி ஏறியது. இருளப்பன் குழிக்குள் இறங்கினான்.

ஒரே ஒரு வெடியாம்! வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. அதற்கடுத்ததும். தலைக்கு மேலே திட்டில் மம்பட்டி மண்ணை வெட்டுகிற சத்தம் அவனுக்குத் தெளிவாய்க் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றது. தனக்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்குப் புரிந்தது. இப்போது அத்தனை தூரக்கண்ணாடியும் அவன் கம்பின்மேல்தான். இன்னொரு முறை பொய்த் தட்டுத் தூக்கினால் தோட்டத்தை விட்டே துரத்துவார்கள், மருதாயியும் தெருவில்தான். அவன் பயந்தான். பயந்து பயந்து உள்ளதை உள்ளபடியே காட்டினான். மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் இலக்கே மங்கலான பிறகுதான் ஓப்பநாயக்கத் துரையின் வெடி அடுத்த வளையத்துக்கு விலகியது. மேட்டில் கைதட்டினார்கள்.

கங்காணி குழி விளிம்பில் வந்து நின்று, துரைக்குக் கோப்பை கிடைத்த சந்தோசத்தில் அந்தச் சிவப்பை மனசில் வைத்துக்கொள்ளவில்லை, உனக்கு நல்ல காலம்தான் என்றார். இருளப்பன் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் திட்டுக்கு ஓடினான்.

சனம் கலைந்திருந்தது. மண் மூடியிருந்தது. மருதாயி மட்டும் நனைந்தபடி அந்தப் புதுமண் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அவள் கை முழங்கை வரை சேறு.

"மொத மண்ணு யாரு போட்டது?" என்று கேட்டான்.

"நாந்தான் போட்டேன். அண்ணன் கூடாதுன்னுச்சு. குழிக்குள்ள தண்ணி எறங்க ஆரம்பிச்சிருச்சு, இனி எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கிறது?"

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கீழே அவன் நின்ற குழி அங்கிருந்து நன்றாய்த் தெரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எல்லா வெள்ளையும் பாத்தேன். ஒரு தடவ செவப்புக் காட்டினீங்களே, இன்னொரு தடவ காட்டுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

 இருளப்பன் ஒரு பிடி மண்ணை அள்ளினான். அது கையில் நிற்காமல் விரலிடுக்கில் சேறாய் ஒழுகிப்போனது. மேட்டிலிருந்து துரைமார் துவக்குகளை மழைத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.