அண்ணன் ஏறாத விமானம்

என் அண்ணன் சங்கரசுப்பிரமணியன் ஒரு விமானக் கம்பெனியில் பெரிய அதிகாரி. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் பறக்கும் அவர்களுடைய சின்ன விமானத்தில் எத்தனை டிக்கெட் விற்பது, என்ன விலைக்கு விற்பது என்பதெல்லாம் அவன் துறைதான். ஆனால் பாளையங்கோட்டைக்கு வருவதென்றால் ரயிலில்தான் வருவான். மூத்தவனை அவன் இவன் என்கிறாளே என்று நினைக்க வேண்டாம். கூடப் பிறந்தவனுக்கு மரியாதை போட ஆரம்பித்தால் அவன் விருந்தாளி ஆகிவிடுவான்.

"ஏண்ணே, ஊரெல்லாம் உன் விமானத்துல வருது, நீ மட்டும் ராத்திரி பூரா குலுங்கிக்கிட்டு வாரியே?" என்று கேட்டிருக்கிறேன்.

"அதுல ஏறினா நான் ஆபீஸ்லதான் இருப்பேன், ஏட்டி. எந்த சீட்டு கிழிஞ்சிருக்கு, எவன் லேட்டா வாரான்னு கண்ணு அங்கன போகும். ரயில்ல ஏறினாத்தான் ஊருக்கு வாரேன்" என்பான்.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கும். கிண்டியில் அவன் படித்த காலத்தில், லீவு விட்டால் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறி வந்துவிடுவான். அப்பாவும் நானும் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போய் நிற்போம். தரையில் செய்தித்தாள் விரித்துப் படுத்து வந்திருப்பான். சட்டை முதுகில் முந்தின நாள் செய்தி அச்சாகியிருக்கும். திரும்பி நிற்கச் சொல்லி அதைப் படிக்க முயன்று நான் சிரிப்பேன். நேரே வீட்டுக்கும் வரமாட்டான். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, குறுக்குத்துறை ஆற்றில் ஒரு முங்கு போட்டுவிட்டு, ஈரத்தலையோடு வந்து இலையில் உட்காருவான். அம்மா தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிக்கொண்டே இருப்பாள்.

அம்மா போனாள், அப்பா போனார். வீட்டை விற்றோம். அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போது நான் தலையைத் திருப்பிக்கொள்வேன். எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது ஜங்ஷனில் வந்து இறங்கும் அண்ணன் மட்டும்தான்.

என் மகள் கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் அப்பா பிரமநாயகம் அம்பாசமுத்திரத்தில் அரிசி மில் வைத்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் நாக்கில் நரம்பில்லாதவர். நிச்சயதாம்பூலத்தன்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார்.

"என்ன சம்பந்தி, நீங்க ரயில்லதான் வந்தீயளாமே? உங்க விமானத்துல நீங்களே ஏற மாட்டீயளோ? நான் என் மில்லு அரிசியத்தான் வே திங்கேன்!"

பந்தியே சிரித்தது. அண்ணனும் சிரித்தான். ஆனால் அவன் காது சிவந்ததை நான் பார்த்தேன். சின்ன வயதில் கணக்கு வாத்தியார் திட்டினாலும் அவனுக்குக் காதுதான் சிவக்கும். கைகழுவும் இடத்தில் என்னிடம் வந்து, "கல்யாணத்துக்கு விமானத்துலயே வாரேன். அதிகாரிக்குள்ள ஓசி டிக்கெட்டு வேண்டாம், எல்லாரையும் போல வாங்கியே வாரேன்" என்றான். வேண்டாம் அண்ணே, வழக்கம்போல வா என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் ரோஷம் தெரிந்ததால் விட்டுவிட்டேன்.

கல்யாணம் ஆவணி மாத வளர்பிறை முகூர்த்தத்தில். மதினியும் பிள்ளைகளும் முன்கூட்டியே வந்துவிட்டார்கள். அண்ணன் மட்டும் ஏதோ கூட்டம் என்று முந்தின நாள் சாயங்கால விமானத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தான். எங்களில் தாய்மாமன்தான் பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். அதைத் தவிர அவனிடம் நான் எதையும் கேட்கவில்லை. நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. என் அப்பா அம்மா இடத்தில் அவன் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

சென்னை விமான நிலையத்தில் நடந்ததை அவன் பிறகு சொன்னான். விமானக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டாம். டிக்கெட் வாங்கியவர்களில் எப்படியும் சிலர் வரமாட்டார்கள் என்று, இருக்கிற இருக்கைகளைவிடக் கொஞ்சம் கூடுதலாக விற்றுவைப்பார்கள். மற்ற நாளெல்லாம் அந்தக் கணக்கு சரியாக வந்திருக்கிறது. ஆனால் அவர்களுடைய கம்ப்யூட்டருக்குப் பஞ்சாங்கம் தெரியாது. ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் தென்பக்கம் வரும் விமானத்தை எவனாவது விடுவானா? அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். கம்ப்யூட்டருக்குத்தான் தெரியாது, கணக்குப் போட்ட என் அண்ணன் திருநெல்வேலிக்காரன்தானே! ஒரு தடவையாவது அதில் ஏறி வந்திருந்தால் அவனுக்கு உறைத்திருக்கும்.

அவனுக்கு முன்னால் நின்ற பையனிடம் இடம் இல்லை என்றிருக்கிறாள் கவுண்டரில் இருந்த பெண். அவன் பெயர் மார்ட்டின். உவரிக்காரன், கப்பலில் வேலை. கையில் உறை போட்ட கோட்டு ஒன்று தொங்கியிருக்கிறது.

"நேத்துதான் கப்பல்ல இருந்து இறங்கினேன், மேடம். நாளைக்குக் காலைல கோயில்ல எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளையே நான்தான்" என்று கெஞ்சியிருக்கிறான். அந்தப் பெண் வரிசையில் நின்றவர்களிடம் யாராவது விட்டுக்கொடுப்பீர்களா, பணம் தருகிறோம் என்று கேட்டிருக்கிறாள். எல்லோருக்கும் ஒரு கல்யாணம் இருந்தது. யாரும் அசையவில்லை.

மார்ட்டினுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துவிட்டது. "உங்க கம்பெனிப் பெரிய ஆளுங்க எவனாவது இதுல ஏறுவானா? ஏறினாத்தான தெரியும்!" என்று கத்தினானாம்.

பின்னாலேயே நின்றிருந்த என் அண்ணன் தன் அடையாள அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, "என் சீட்டை இவருக்குக் குடும்மா" என்றிருக்கிறான். அட்டையைப் பார்த்த பெண் எழுந்து நின்றுவிட்டாளாம்.

போனில் விஷயத்தைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"ஊரான் வீட்டு மாப்பிள்ளைக்கு சீட்டு குடுத்துட்ட. என் மகளுக்கு யாரு மாமன்?"

"மாப்பிள்ளை இல்லாம கல்யாணம் நடக்காதுல்லா, ஏட்டி."

"மாமன் இல்லாம நடக்கும், அப்படித்தான? நடக்கட்டும். நீ வராத!"

"எப்படியும் வாரேன்…" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். எப்படி வருவான்? பஸ், ரயில் எல்லாம் வாரக்கணக்கில் முன்னாலேயே நிறைந்துவிட்ட நாள் அது. பிறகு மதினி கூப்பிட்டபோது அவன் போன் அணைந்திருந்தது.

காலையில் எங்கள் ஊர் வண்ணாரப்பேட்டை மண்டபத்தில் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. பெரியவர்கள் கூடிப் பேசி, சித்தப்பா மகன் அருணாசலத்தை மாமன் இடத்தில் நிறுத்தலாம் என்றார்கள். அவனும் நல்லவன்தான். ஐயர் பெண்ணை அழைத்து வரச் சொன்னார். அருணாசலம் மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு, "அக்கா, நேரமாவுது" என்றான். நான் சரி என்று சொல்லவில்லை. இருப்பதைக்கொண்டு ஒப்பேற்றுகிற ஆள்தான் நான். அன்றைக்கு முடியவில்லை. அலங்காரத்தோடு நின்ற மகளுக்கு எதிரில் குழந்தை மாதிரி அழுதேன்.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் இறங்கினான். சட்டை கசங்கி, தலை கலைந்து, முகமெல்லாம் புழுதி. முன்பதிவில்லாத பெட்டியில் கழிவறைப் பக்கம் நின்றுகொண்டே வந்திருக்கிறான். அறுபதை நெருங்கும் மனிதன்.

வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்த பிரமநாயகம் விடுவாரா? "வாங்க சம்பந்தி! விமானம் சௌகரியமா இருந்துச்சா?" என்றார்.

"ரயில்லதான் வந்தேன் சம்பந்தி. விமானத்துல இருக்கிற சீட்டுக்கு மேல வித்துட்டோம். வித்தது நான்தான்."

பிரமநாயகம் சிரிக்கத் திறந்த வாயை மூடிக்கொண்டார். அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். தன் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்து, "முகத்தத் துடைங்க, மாமன் நிக்கணும்லா" என்றார்.

அருணாசலத்திடமிருந்து மாலையை வாங்கி அண்ணன் கையில் கொடுத்தேன். அவன் கோமதிக்குப் போட்டான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மணவறைக்கு நடந்தான்.

நின்றே வந்ததில் அவன் கால்கள் வீங்கியிருந்தன. செருப்பைக் கழற்றிய பாதத்தை ஊன்ற முடியாமல் இரண்டாவது அடியிலேயே தடுமாறினான். கோமதி சட்டென்று தன் கையை அவன் கைக்குக் கீழே கொடுத்து, "பைய வாங்க மாமா" என்றாள். தாய்மாமன் பெண்ணை அழைத்து வருகிறான் என்று சபை முழுக்க எழுந்து நின்றது. உண்மையில் என் மகள்தான், முதுகு நிமிர்ந்து, ஒவ்வொரு அடியாக, என் பிறந்த வீட்டைத் தாங்கி அழைத்து வந்துகொண்டிருந்தாள்.