பேச்சுத்துணை

மாமியார் வருகிறார் என்றால் போதும், கண்ணாடிக்காரருக்குக் கடையில் திடீரென்று வேலை முளைத்துவிடும். இத்தனைக்கும் அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. பேசுவார், அவ்வளவுதான். காலையில் பல் தேய்த்து வாய் கொப்பளித்ததும் தொடங்கினால், இரவு விளக்கை அணைத்த பிறகும் இருட்டோடு பேசிக்கொண்டிருப்பார். எதிரே ஆள் இருக்க வேண்டும் என்கிற கட்டாயம்கூடக் கிடையாது.

அப்படி ஓடி ஒளிந்த மனிதர்தான், போன மாதம் தன் மூக்குக் கண்ணாடிக் கடையைத் திறக்கும்போது தலையைக் கொடுத்தார். பாதி ஏறிய ஷட்டர் சரசரவென்று இறங்கி மண்டையில் ஒரு போடு போட்டது. தையல் பிரித்தாயிற்று, தலைவலியும் போயிற்று. வலது காதில் மட்டும் ‘கொய்ங்’ என்று ஒரு சத்தம் குடிவந்து, காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

“தலையில அடிபட்டா சிலருக்கு இப்படி வரும்,” என்றார் டாக்டர். “குறையலாம், குறையாமலும் போகலாம். அதையே கவனிச்சுக்கிட்டு இருக்காதீங்க. பக்கத்துல லேசா ஏதாவது சத்தம் இருக்கட்டும்.”

கடையில் கவலை இல்லை. லென்ஸ் தேய்க்கும் மெஷின் ஓடினால் கொய்ங் அடங்கிவிடும். வீடுதான் வில்லங்கம். அவர் மனைவிக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் வேலை. நாள் முழுவதும் ஊர்க் கூச்சலைக் கேட்டுவிட்டு வருகிறவள், வீட்டில் குண்டூசி விழுந்தாலும் யார் போட்டது என்று கேட்பாள். கணவருக்காகப் பாவம் அவளும் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தாள். ஃபேனை முழு வேகத்தில் வைத்தார், அவளுக்குச் சளி பிடித்தது. போனில் மழைச் சத்தம் போட்டுக்கொண்டு படுத்தார், அவள் அரை மணிக்கொரு தரம் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. கடைசியில் சத்தம் எதுவும் இல்லாமல் விழித்துக்கிடக்கப் பழகிக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் மாமியார் வந்து இறங்கினார். இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று, இனி நிரந்தரமாக மகன் வீட்டில்தான். போகிற வழியில் மாப்பிள்ளையின் மண்டையைப் பார்த்துவிட்டு, நாலு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

முதல் நாள் மாலை கண்ணாடிக்காரர் சோபாவில் வசமாக மாட்டிக்கொண்டார். பழைய வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் மதிலைத் தள்ளிக் கட்டிய கதையை மாமியார் ஆரம்பித்தார். மதில் இடுப்பளவு எழும்பியபோதுதான் இவருக்கு உறைத்தது, காதில் கொய்ங்கைக் காணோம். மாமியார் தண்ணீர் குடிக்க நிறுத்தினார், அது எட்டிப் பார்த்தது. மறுபடி பேசினார், பதுங்கிக்கொண்டது. கண்ணாடிக்காரருக்கு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு மனிதர் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு ஓடி வர ஆரம்பித்தார். “ம்... அப்புறம்?” என்று மூன்றே வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு சொகுசாகச் சாய்ந்துகொள்வார். மூன்றாவது வார்த்தை “அடடா.” மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. “என் மாப்பிள்ளை மாதிரி காது கொடுத்துக் கேக்கற மனுஷன் உலகத்துல இல்ல,” என்று மகனுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

“எங்கம்மாகிட்ட என்ன காரியம் ஆகணும் உங்களுக்கு?” என்று மனைவி கேட்டாள்.

மாமியாரை அழைத்துப்போக மகன் கார் எடுத்துக்கொண்டு வருவதற்கு முந்தின நாள் கண்ணாடிக்காரருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. நாளையிலிருந்து என்ன செய்வது? போனை சோபா மெத்தைக்கு அடியில் செருகி, மாமியார் பேசப் பேசப் பதிவு செய்துகொண்டார். அவர் பெட்டி கட்டப் போனதும், வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்த்தார். பிரமாதமாக வேலை செய்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

எதையோ கேட்க வந்த மாமியார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே அவருடைய குரலே பேசிக்கொண்டிருந்தது. போனுக்குள்ளிருந்து மாப்பிள்ளை “ம்” என்றார். சோபாவில் கண்ணை மூடிக் கிடந்த மாப்பிள்ளையும் “ம்” என்றார்.

கையும் களவுமாகப் பிடிபட்டபின் மறைக்க என்ன இருக்கிறது? காதில் கேட்கும் சத்தத்தையும், அவர் பேசினால் அது அடங்குவதையும் கண்ணாடிக்காரர் சொல்லிவிட்டார். சமையலறையிலிருந்து வந்த மனைவி சிரித்துவிட்டாள். மாமியார் சிரிக்கவில்லை.

“அப்ப நான் ஒரு ஃபேன் மாதிரி,” என்றார். “நான் சொன்னதுல ஒரு வார்த்தையாவது உங்க காதுல விழுந்துதா மாப்பிள்ளை?”

விழுந்திருக்காது என்றுதான் கண்ணாடிக்காரரும் நினைத்திருந்தார். வாயைத் திறந்தால் வந்தது.

“மதில் தகராறுல நீங்கதான் ஜெயிச்சீங்க. உங்க அக்கா மூக்குத்தி கிணத்துல விழுந்துது, பழி உங்க மேல விழுந்துது.” கொஞ்சம் தயங்கினார். “எந்தக் கதையா இருந்தாலும் நீட்டி முழக்குவீங்க அத்தை. உங்க பையன் வீட்டைப் பத்தி மட்டும் ஒரே வரிதான். ‘ரெண்டு பேரும் விடிஞ்சா போனா இருட்டினாத்தான் வருவாங்க, வீடு நல்லா அமைதியா இருக்கும்.’ தினம் அதைச் சொன்னீங்க. சொன்ன உடனே வேற பேச்சுக்குத் தாவிடுவீங்க.”

மாமியார் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அமைதியான வீட்டுல தனியா உக்காந்திருந்தா எப்படி இருக்கும்னு எனக்கு இப்பத் தெரியும் அத்தை. இங்கயே இருந்துடுங்க. என் காதுக்காகத்தான் கூப்பிடறேன்னு நினைச்சாலும் பரவாயில்ல.”

மனைவியின் சிரிப்பு நின்றிருந்தது. “அம்மா, அங்க போக உனக்குப் பிடிக்கலையா?”

எதற்கும் பதில் வைத்திருக்கும் அந்த அம்மாளுக்கு இதற்கு ஒரு வார்த்தை வரவில்லை. கண் மட்டும் நிறைந்தது. வீட்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கண்ணாடிக்காரரின் காதில் கொய்ங் தலைவிரித்தாடியது. ஆடட்டும் என்று விட்டுவிட்டு அவர் மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, வர வேண்டாம்னு தம்பிக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்,” என்று மனைவி போனை எடுத்தாள்.

“இங்க குடு,” என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். “நீ ரெண்டே வார்த்தையில முடிச்சிடுவே.”