பைபாஸ் வளையுற இடம்

செத்துப்போன அப்பாவின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றி, நழுவாமலிருக்க ஒரு முடிச்சும் போட்டுக்கொண்டிருந்தாள் வெனிலா. காலையிலிருந்து தலைமாட்டில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அம்மா லூர்து மேரி அப்போதுதான் பேசினாள்.

"கோயில் வரைக்கும் வர்றேன். கல்லறைக்கு வரமாட்டேன்."

"இன்னாம்மா சொல்ற?"

"அந்த ரோட்டத் தாண்டமாட்டேன்னு இருவத்திரண்டு வருஷமா சொல்லிக்கினு இருக்கேன். இன்னிக்கி செத்துட்டாருன்னு மாத்திக்க முடியுமா?"

கோயில் ரோட்டுக்கு இந்தப் பக்கம், கல்லறை அந்தப் பக்கம். நடுவில் நாலு வழி பைபாஸ். திண்டிவனம் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வெனிலாவுக்கு இறங்கி வருகிற முகமும் தெரியும், இறங்காத முகமும் தெரியும். ஆனாலும் பேரம் பேசாமல் விட்டால் கை அரிக்கும் ஜாதி அவள்.

"ரோட்டோரம் வரைக்குமாவது வா."

"மாட்டேன்."

"கார்ல உக்காந்து தாண்டிடு. கால் படாது."

"உங்கப்பன் ரோட்ட வளைச்சாரு. என்னை நீ வளைக்காத."

கட்டினவள் மண் போடாமல் புருஷனைப் புதைத்தால் ஊர் பேசும். ஊர் பேசிவிட்டுப் போகட்டும், அதுகூடப் பெரிதில்லை. அம்மா தனக்குள் பேசிக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்டுவாளே என்பதுதான் வெனிலாவின் பயம். நாலு மணிக்கு ஃபாதர் வந்துவிடுவார். மணி ஒன்றரை.

ரோடு வரப்போகிறது என்றதும் ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்த கதை எல்லாருக்கும் தெரியும். என் கடை வாசலில்தான் வரணும் என்று ஒரு கட்சி, என் வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று ஒரு கட்சி. இரண்டிலும் இருந்தது அதே ஆட்கள். அப்பா பாக்கியசாமி எந்தக் கட்சியிலும் இல்லை. சர்வேக்காரர்களுக்குச் சிவப்பு வெள்ளைக் கோல் பிடிக்கிற தினக்கூலி அவர். நூல் பிடித்த மாதிரி வந்த ரோடு, அவர் கோல் பிடித்த இடத்தில் மட்டும் இடுப்பொடிந்து வளைந்தது. வேங்கடேசன் ரைஸ் மில் தப்பியது. கோல் பிடித்தவரின் வீடே போனது. மில்காரனிடம் இவர் என்னவோ வாங்கிவிட்டார் என்றார்கள். "வாங்கினவன் சொந்த ஊட்டையா இடிய உடுவான்?" என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ரோடு ஏன் வளைந்தது என்று அம்மா மட்டும் அவரிடமே கேட்டுப் பார்த்தாள். "மேப்புல அப்படித்தான் இருக்கு" என்பதற்கு மேல் அவர் பேசவில்லை. அன்றோடு அவள் பைபாஸைத் தாண்டுவதை நிறுத்தினாள், கல்லறைத் திருநாளுக்குக்கூட.

மூன்றரை மணிக்கு மில்லிலிருந்து ஓர் ஆள் பெரிய ரோஜா மாலையோடு வந்தான். அம்மா அதை நிமிர்ந்து பார்த்த பார்வையில் மாலை அங்கேயே வாடியிருக்க வேண்டும்.

அவனுக்குப் பின்னாலேயே கக்கத்தில் குடையோடு ஒரு கிழவர் வந்து, அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வாசல் பந்தலில் போய் உட்கார்ந்தார். தம்பி ஜூட் காதில் சொன்னான்: "அரங்கநாதன் சாரு, அக்கா. விழுப்புரத்துலேந்து வந்திருக்காரு. அப்பா கோல் புடிச்சது இந்த சர்வே சார்கிட்டதான்."

வெனிலா டீயை எடுத்துக்கொண்டு நேராகப் போனாள்.

"சார், இன்னிக்கி விட்டா எனக்குக் கேக்க ஆள் இல்ல. ரோடு ஏன் சார் வளைஞ்சுது?"

அரங்கநாதன் டீயை ஊதினார். குடிக்கவில்லை.

"நேரா வந்திருந்தா கல்லறைச் செவுத்த ஒட்டிக்கினு போயிருக்கணும்மா. செவுத்துக்கு மேற்கால வெறும் பொறம்போக்கு, கோரைப்புல்லு. அங்க கோல் புடின்னா உங்கப்பா தள்ளிப் போயி நிக்கறாரு. கொடி காட்டறேன், கத்தறேன். வரலை. கிட்டப் போனா, 'சார், இங்க தூர்த்த கிணறு இருக்கு, ரோடு போட்டா உள்ள எறங்கிடும்'ங்கறாரு."

"அங்க ஏது சார் கிணறு?"

"இல்லதான். கிணறு இருந்த எடத்துல ஒடைஞ்ச செங்கல்லாவது கெடக்கும். எனக்கு அப்பவே தெரியும், பொய்னு."

"தெரிஞ்சுமா?"

"எட்டு மாசம் என் கூட வேலை செஞ்ச ஆளு. காக்கா வெள்ளைன்னு சொல்ல வராது அவருக்கு. அப்பேர்ப்பட்டவரு ஒரு பொய் சொன்னா, அது ரோட்ட விட வெல ஜாஸ்தின்னு தோணுச்சு. எழுதிட்டேன். மேப்புல இன்னிக்கும் கிணறுன்னு ஒரு வட்டம் இருக்கும், என் கையெழுத்தோட."

"அதுக்கு எங்க ஊடு ஏன் சார்?"

"ரோட்ட வேட்டி மடிக்கிற மாதிரி சடக்குனு மடிக்க முடியாதும்மா. அர கிலோமீட்டர் முன்னாடியே மெல்லத் திருப்பணும். அங்க இருவதடி ஒதுக்கினா, இங்க ஊருக்குள்ள நூறடி தள்ளுது. மில்லு பொழைச்சது அவன் அதிர்ஷ்டம். உங்க வீடு..."

"எங்க வாசல்ல கோல் புடிச்சது யாரு?"

"அவருதான். வேற யாரு இருக்கா? மத்த நாள்ல காத்தடிச்சா கோல் ஆடும். அன்னிக்கு ஆடவே இல்ல."

"செவுத்துக்குப் பின்னாடி இன்னாதான் சார் இருந்துச்சு?"

"நான் கேக்கலை. அவரும் சொல்லலை."

டீ ஆடை கட்டிவிட்டது. வெனிலா உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பேரம் எதுவும் பேசாமல், கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். கடைசியில் கேட்டாள்: "கல்லறைச் செவுத்துக்கு மேற்கால, வெளிய, இன்னாம்மா இருக்கு?"

அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கில் உட்கார வந்த ஈயை ஓட்டினாள்.

"உனக்கு முன்னாடி ஒண்ணு."

வெனிலா அம்மாவின் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"பொட்டப் புள்ள. அரை நாளு இருந்துச்சு. ஞானஸ்நானம் குடுக்கறதுக்குள்ள போயிடுச்சு. அப்பல்லாம் அப்பிடிப் போன புள்ளைக்கி உள்ள எடம் கெடையாது. நான் ஆசுபத்திரில கெடக்கறேன். இவரே துணியில சுத்தி எடுத்துக்கினு போயி, செவுத்துக்கு வெளிய வெச்சிட்டு வந்தாரு. எந்த எடம்னு நானும் கேக்கலை, அவரும் காட்டலை. கல்லறைத் திருநாளுக்கு செவுத்து மேல ஒரு மெழுகுவத்தி வெச்சிட்டு வந்துடுவேன். ரோடு வந்தப்ப, அதும் தாருக்கு அடியில போயிடுச்சுன்னே இருந்தேன்."

வாசலில் ஜூட் குரல் கொடுத்தான். "ஃபாதர் வந்துட்டாரு, ஜல்தி!"

அம்மா முழங்காலில் கையூன்றி எழுந்தாள்.

"என் செருப்பு எங்க கெடக்குது பாரு."

கோயிலில் பூசை முடிந்து, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பைபாஸுக்கு வந்தார்கள். ஜூட் சிவப்புத் துண்டை ஆட்டி இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினான். மணல் லாரிக்காரர் ஒருவர் என்ஜினை அணைத்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்தார். அம்மா நடுத்திட்டில் ஒருகணம் நின்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள்.

"இன்னாடி இது, இம்மாம் அகலமா இருக்குது!"

"நடம்மா, ஆரன் அடிக்கறாங்க."

குழியில் அவள்தான் முதல் மண்ணைப் போட்டாள். எல்லாரும் போட்டு முடித்துக் கலையும்போது, யாரிடமும் சொல்லாமல் கல்லறைக் கதவைத் தாண்டி, சுவரைச் சுற்றிக்கொண்டு மேற்கே நடந்தாள். வெனிலா பின்னாலேயே போனாள். சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் விட்டுப்போயிருந்தது. முழங்கால் உயரத்துக்குக் கோரை. வெடித்த டயரின் பட்டை ஒன்று, இரண்டு தண்ணீர் பாட்டில்கள். அம்மா பாட்டில்களைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள். பிறகு ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டாள்.

சென்னைப் பக்கமிருந்து ஒரு டேங்கர் லாரி நேராக அவர்களைப் பார்த்தே வந்தது. கிட்ட வந்ததும் திரும்பி, அந்தத் துண்டு நிலத்தைச் சுற்றிக்கொண்டு போனது. அடுத்து ஒரு கார். அப்புறம் வைக்கோல் ஏற்றிய லாரி.

"அம்மா, ஜூட்டு கூப்புடறான். போலாமா?"

"இரு," என்றாள் லூர்து மேரி. "அந்த பஸ்ஸும் சுத்திக்கினு போவட்டும்."