மணிக்குயிலுக்கு ஒரு சாட்சி

"அதான் மெஷின்ல பதிவாகியிருக்கே, அப்புறம் என்னடி உனக்கு—"

"அக்கா, நான் சொல்றத முதல்ல—"

"பத்து மணிக்கு விசாரணை. போய் நல்ல சட்டையா எடுத்து மாத்து."

"கத்தினது பறவ இல்லக்கா. நான்."

அக்காவின் சீப்பு பாதித் தலையில் நின்றது. எதிராளி எந்தக் குண்டைத் தூக்கிப் போட்டாலும் முகம் மாறாத வக்கீல் அவள். இப்போது கண்ணாடியில் தெரிந்த தங்கையையே வெறித்துப் பார்த்தாள்.

"என்ன உளர்ற?"

நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டை வெட்டிச் சாலை போடுவதற்கு எதிராக அக்கா வழக்கை நடத்துகிறாள். அவள் கையில் இருந்த துருப்புச் சீட்டே தங்கையின் ஆராய்ச்சிதான். மரங்களில் கட்டி வைத்த ஒலிப்பதிவுக் கருவிகளில், இந்தப் பக்கம் அற்றே போய்விட்டது என்று எல்லோரும் கைகழுவிய மணிக்குயிலின் குரல் கேட்டிருந்தது. மணிக்குயில் இருக்கிற காட்டில் சட்டப்படி கோடரி வைக்க முடியாது. தங்கையின் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயமும் அதுதான்.

"மரத்தடியில நின்னு மெஷின்ல மெமரி கார்டு மாத்துவேன்ல? அப்பல்லாம் விசிலடிச்சிருக்கேன். எனக்கே தெரியாம. பழைய பதிவுகளக் கேட்டுக் கேட்டு மணிக்குயில் மாதிரியே வாய்க்கு வந்துடுச்சு. கம்ப்யூட்டர் அத எடுத்துப் பறவைன்னு எண்ணிடுச்சு."

இதை நம்புவதற்கு அக்காவுக்குச் சாட்சி தேவைப்படவில்லை. பல் முளைத்த நாள் முதல் இவளுக்கு விசில்தான். அப்பா வைத்த பேர் 'குக்கர்'. கல்லூரியில் கணிதம் எடுத்துப் படித்துவிட்டு, "கணக்குப் போட்டது போதும், காக்கா எண்ணப் போறேன்" என்று சூழலியலுக்குத் தாவியபோது அம்மா ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. அக்காதான் வரிந்துகட்டிக்கொண்டு இவளுக்காக வாதாடினாள்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"இன்னிக்குப் போட்டுக் காட்டறதுக்கு நல்லதா ஒண்ணு தேடினேன். ஹெட்போன் மாட்டிக் கேட்டா, மூணாவது கூவலுக்கு முன்னாடி லேசா எச்சில் முழுங்கற சத்தம். எந்தக் குயில் பாட்டு நடுவுல எச்சில் முழுங்கும், சொல்லுக்கா?"

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். குறுக்கு விசாரணை தொடங்கிவிட்டது.

"நீ போன நாள்ல மட்டும்தான் கத்துதா?"

"இல்ல. போகாத நாள்லயும் இருக்கு."

"அடி லூசு! அத முதல்ல சொல்றதில்ல? நீ வீட்டுல குறட்டை விட்டுக்கிட்டு இருந்தப்போ காட்டுல கத்தினது யாரு, உன் ஆவியா? போடு அத!"

தங்கைக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இது ஏன் தனக்குத் தோன்றவில்லை? ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு, நெற்றியோடு நெற்றி இடிக்க லேப்டாப்பின் முன் குனிந்தார்கள். காற்று. இலை. எங்கோ தண்ணீர். அப்புறம் மணிக்குயில், தெளிவாக, அழகாக. ஒன்று. இரண்டு.

முழுங்கல்.

மூன்று.

அதே மூச்சில், அதே தொண்டையிலிருந்து, கர்ரென்று ஒரு கரகரப்பு.

"என்னது அது?"

"கரிச்சான். எதக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும்." தங்கை பதிவை நிறுத்தினாள். "என்கிட்டதான் கத்துக்கிட்டிருக்கு. முழுங்கறதையும் சேத்து."

அக்கா காதிலிருந்ததைக் கழற்றி, ஒயரை நிதானமாகச் சுருட்டினாள்.

"இது யாருக்குத் தெரியும்?"

"உனக்கும் எனக்கும்."

"அப்ப யாருக்கும் தெரியாது."

"அக்கா!"

"சாலைக்காரன் என்ன எழுதிக் குடுத்திருக்கான் தெரியுமா? அங்க மரமே இல்லையாம், வெறும் புதராம். கூசாம எழுதியிருக்கான். நீ இன்னிக்கு வாயத் தொறந்தா நாளைக்கு அங்க மரம் அறுக்கிற சத்தம்தான் கேக்கும். அதையும் உன் கரிச்சான் கத்துக்கும். உன் கைடு மேடம் கையெழுத்துப் போட்ட அத்தியாயம் என்ன ஆகும்? பட்டம்?"

"அவன் பொய் சொன்னா நானும் சொல்லணுமா?"

"உன்னை யாரு சொல்லச் சொன்னா? வாய மூடிட்டு உக்காருன்னுதான் சொல்றேன். பிறந்ததுலேர்ந்து உனக்கு அது ஒண்ணுதானேடி வரல!"

காரில் கிளம்பினார்கள். சிக்னலில் நின்றபோது அக்கா ஒரே ஒரு முறை, "எனக்காக வேண்டாம், அந்தக் காட்டுக்காக" என்றாள். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உதடு தானாகக் குவிவதை உணர்ந்து பல்லால் கடித்தாள்.

விசாரணை அறையில் மின்விசிறி தாள்களைப் படபடக்க வைத்தது. விசாரணை அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பதிவைக் கேட்டார். அக்கா போட்டது முழுங்கல் அதிகம் தெரியாத துண்டு. அவர் முகம் இளகியது.

"பிரமாதமா இருக்கேம்மா. யாரு பதிவு பண்ணினது?"

தங்கை எழுந்தாள். மேசைக்கு அடியில் அக்காவின் கை அவள் மணிக்கட்டை இறுக்கியது. வளையல் சதையில் பதிந்தது. தங்கை கையை உருவவில்லை. அந்தப் பிடியோடேயே பேசினாள்.

"ஐயா, அது மணிக்குயில் இல்ல. பதிவுல பாதி நான் அடிச்ச விசில். மீதி, என்னக் கேட்டுக் கத்துக்கிட்ட கரிச்சான். தப்பு என்னோடது. அக்காவுக்கே இன்னிக்குக் காலையிலதான் சொன்னேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அடேங்கப்பா, சாட்சியே பறந்து வந்து உக்காந்திருக்கே!" பின்வரிசையும் சேர்ந்துகொண்டது. மணிக்கட்டிலிருந்த பிடி விட்டுப் போனது. அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை; தன் கோப்பிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்துக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, நின்றுகொண்டிருந்தவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"சரிம்மா. இத்தன நாள் பதிவு பண்ணியிருக்கியே, அதுல உன்னையும் கரிச்சானையும் தவிர அந்தக் காட்டுல வேற யாரு யாரு குரல் கேக்குது?"